ஒரு நூல் தள்ளி

தண்ணீருக்கு நன்றி. இந்த பாட்டில் மூடி எவ்வளவு லேசாகத் திறக்கிறது பாருங்கள், இரண்டு விரல் போதும். உங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே பட்டிருக்காது. என் வீட்டில் ஒரு மூடியை நான் கடைசியாக என் கையால் திறந்தது எப்போது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு எதையும் சும்மா மூடத் தெரியாது. சர்க்கரை டப்பாவோ டீத்தூள் டப்பாவோ, மூடியானபின் இன்னும் ஒரு சுற்று சுற்றினால்தான் அவருக்கு மனசு ஆறும். குழாயை மூடினால் உள்ளே இருக்கும் வாஷர் நசுங்கும். சமையலறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்கிறது என்று கொண்டியை எடுத்துவிட்டு போல்ட்டும் நட்டும் போட்டார். அப்புறம் அந்த ஜன்னலைத் திறக்க ஸ்பானர் தேவைப்பட்டது. சிரிக்கலாம், பரவாயில்லை. நானும் ரொம்ப நாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் மேட்டடியில் இருக்கும் நீரேற்று நிலையத்தில் வால்வு திறந்து மூடுகிறவர். அவர் மூடிவிட்டுப் போன வால்வைத் திறக்க அடுத்த ஆள் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகித் தொங்க வேண்டுமாம். அங்கே அவர் பெயரே ‘இன்னொருசுத்து’. ஒரு தடவை அவரோடு வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்தபோது ஒருவர் கேட்டார், “என்ன தங்கச்சி, உன்னையும் இன்னொரு சுத்து இறுக்கித்தான் வச்சிருக்கானா?” எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் அதிகமாகச் சிரித்தார். ஆசையாக என்னைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளும் என் மேல் கை ஓங்கியதில்லை. குடித்ததில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுவிட்டு, நான் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு கட்டிலருகிலேயே உட்கார்ந்திருப்பார். கண்ணைத் திறந்தால் அவர் முகம்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த பெண்களில் பாதிப்பேர் இப்படி ஒரு ஆளுக்காகத் தவம் கிடப்பார்கள்.

எங்கள் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. நீங்களும் வந்து பார்த்தீர்களே, அந்த இறக்கம் எவ்வளவு செங்குத்து என்று தெரியும். காலையில் அவர் சைக்கிளில் மிதிக்காமலே கீழே போய்விடுவார். சாயங்காலம் தள்ளிக்கொண்டே ஏறி வருவார். அந்த மேட்டை ஒரு நாளில் இரண்டு தடவை ஏற எந்த மனுஷனாலும் ஆகாது. பள்ளிக்கூடம், காலேஜ் என்று எங்கள் பெண்ணும் வெளியே போய்விடுவாள். அதனால் நடுவில் இருக்கிற மத்தியானம் என்னுடையதாக இருந்தது.

மத்தியானத்தில் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். சொல்லிக்கொள்கிறபடி ஒன்றுமில்லை. முதலில் ஸ்பானரை எடுத்து ஜன்னலைத் திறப்பேன். தட்டு வைத்துக்கொள்ளாமல், பாத்திரத்திலிருந்தே நின்றபடி சாப்பிடுவேன். தரையில் கையைக் காலைப் பரப்பிப் படுத்துக்கிடப்பேன். தோன்றினால் மேல் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அம்மாளிடம் போய் அவளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பேன். கூலிக்கு இல்லை, பேச்சுத் துணைக்கு. அவர் வருவதற்குள் திரும்பிவந்து ஜன்னலை மறுபடி இறுக்கிவிடுவேன், அந்த இன்னொரு சுற்றோடு. அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு நட்டு எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் இனி வேண்டாம் என்று சொல்கிறது என்பது என் மணிக்கட்டுக்கு நன்றாகத் தெரிந்தது அப்படித்தான்.

பெண்ணுக்குக் கல்யாணமாகி அவள் தூரமாகப் போனபிறகுதான் எல்லாம் மாறியது. ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. பெண்ணை நினைத்து உருகுகிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் அவர் உருகியது எனக்காக என்று தெரிந்தது.

“பொண்ணும் போயாச்சு. பகல் பூரா நீ தனியா உக்காந்திருப்பியேன்னு நெனச்சா அங்க வேலையே ஓடலம்மா” என்றார். மறுவாரம் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. அதில் சைக்கிளில் மாட்டுகிற சின்ன இஞ்சின் இருந்தது. வாசல் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, சைக்கிளின் நடுச்சட்டத்தில் அவரே அதை மாட்டினார். முன்னால் இரண்டு பிடிப்பு, பின்னால் இரண்டு. நட்டு ஒவ்வொன்றையும் இறுக்கிமுடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி இறுக்கினார்.

முதல் நாள் அவர் மத்தியானம் வந்து கதவைத் தட்டியபோது நான் ஜன்னலருகில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. “ஐயோ, இப்படியா நின்னுக்கிட்டே சாப்பிடுவே?” என்று கேட்டார், குரல் உடைந்தேவிட்டது. ஜன்னலை மூடி இறுக்கினார். எனக்கு ஒரு தட்டு வைத்தார். பிறகு அந்த ஸ்பானரைத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். “நீ எதுக்கு இதையெல்லாம் திருகிக் கஷ்டப்படறே? தொறக்கணும்னா சொல்லு, நான் பாத்துக்கறேன்.”

அன்றிலிருந்து தினமும் வந்தார். சில நாள் டீ வேளைக்கும் வந்தார். அந்த இஞ்சின் சத்தம் கொசு காதோரம் வருகிற மாதிரி மேட்டின் அடிவாரத்திலிருந்தே கேட்க ஆரம்பிக்கும். அவர் வந்து சேர்வதற்கு முன்பே என் மத்தியானம் முடிந்துபோயிருக்கும். தையற்கடை அம்மாளிடம் அவரே போய், மரியாதையாக, எனக்குக் கண் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அவளும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

நான் பேசிப் பார்க்காமல் இல்லை.

“ஏங்க, இந்த வெயில்ல நீங்க எதுக்கு வந்து வந்து போகணும்? சாப்பாட்டைக் காலையிலயே கட்டிக் குடுத்துடறேனே.”

“அப்ப நீ தனியா சாப்பிடுவியே.”

“எனக்கு அது பழக்கந்தாங்க.”

“அதான் பெரிய பாவம்” என்றார். “இத்தனை வருஷம் உன்னை அப்படி விட்டுட்டேன் பாரு.”

இதற்கு என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். அடிக்கிற புருஷனைப் பற்றி நாலு பேரிடம் சொல்லலாம். ஆசையாக வந்து பக்கத்தில் உட்காருகிறவரைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? பெண்ணிடம் ஒருநாள் போனில் சொல்லிப் பார்த்தேன். “அம்மா, எங்க வீட்டுல உள்ளவரு ஒரு நாளாவது மத்தியானம் வீட்டுக்கு வரமாட்டாரான்னு நான் ஏங்கிட்டுக் கிடக்கேன். நீ என்னடான்னா… குடுத்து வச்சவம்மா நீ” என்றாள். நான் குடுத்து வைத்தவள் என்பது அப்படி முடிவாகிவிட்டது.

முதல் தடவை இஞ்சினில் திருகு மரை தேய்ந்துபோனதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அது முழுக்க அவர் கைவேலை. தினமும் காலையில் கிளம்பும்முன் ஸ்பானரை வைத்து ஒவ்வொரு நட்டிலும் ஒரு தள்ளு தள்ளுவார். இஞ்சின் உடம்பு அலுமினியம். ஸ்டட் என்கிற எஃகு மரையாணியை அதற்குள் போட்டு முறுக்கிக்கொண்டே இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? ஒரு மத்தியானம் மேடு ஏறும்போது பின்பக்கப் பிடிப்பு ஒன்று இளகி இஞ்சின் ஆட ஆரம்பித்தது. தள்ளிக்கொண்டு வந்தார். தானே சரிசெய்கிறேன் பேர்வழி என்று துளையைப் பெரிதாக்கி ஒரு தடித்த போல்ட்டை அடித்து முறுக்கினார். அதுவும் போனது. வேறு வழியில்லாமல் வண்டியைத் தம்பி பட்டறையில் கொண்டுபோய் விட்டார்.

என் கொழுந்தன் லேத் பட்டறை வைத்திருக்கிறவன். நான் கல்யாணமாகி வந்தபோது அவன் அரைக்கால் சட்டைப் பையன். அதனால் எனக்கு அவன் இவன் என்றுதான் வாயில் வரும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவனுக்கு ஒரு அவசர வேலை இருந்ததால் வண்டி சில நாள் அங்கேயே கிடந்தது. அவர் பஸ்ஸில் போய் வந்தார். மத்தியானத்தில் பஸ் கிடையாது, வர வழியில்லை. ஜன்னல் திறக்க முடியவில்லையென்றாலும், அந்தச் சில நாள் நான் தரையில் படுத்து நன்றாகத் தூங்கினேன். மறந்துபோயிருந்த ஒரு ருசி திரும்பி நாக்கில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். படாமலே இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துவரக் கிளம்பினார். “நீயும் வா, வீட்டுல தனியா என்ன பண்ணப் போறே” என்றார். போனேன். கொழுந்தன் இன்னும் வேலையை முடித்திருக்கவில்லை. ஒரு முக்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு, கழற்றிய ஸ்டட்டை என் கையில் கொடுத்தான். இஞ்சினின் மரை முழுக்க அதோடு பிய்த்துக்கொண்டு வந்து வெள்ளிச் சுருளாகச் சுற்றியிருந்தது.

“அண்ணே, இது நீ இறுக்குனதா, இல்ல ஏதாவது கோவத்துல முறுக்குனதா?”

“லூசாயிடுமோன்னுதான்டா.”

“சரி, இஞ்சினுக்கு மரை போயிருச்சு. உனக்கு எப்பப் போச்சு?”

பட்டறைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. என் ஓரகத்தி உள்ளேயிருந்து களுக்கென்று சிரித்தது கேட்டது. அவரும் சிரித்தார்.

“அது போகட்டும், எனக்கு முன்னாடி இதைத் தொளச்ச மகராசன் யாரு?” என்று கொழுந்தன் கேட்டான். அவர் கூரையைப் பார்த்தார்.

கொழுந்தன் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். கெட்ட மரையைத் துளைத்து எடுத்தான். மரை வெட்டும் டேப்பை எண்ணெய் தொட்டு இறக்கினான். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, இப்படியே நிதானமாகப் போனான். அது முறிந்து உள்ளே மாட்டிக்கொண்டால் இஞ்சினையே தூக்கிப் போட வேண்டியதுதான் என்றான். பிறகு அந்தப் புது மரைக்குள் பேனா ஸ்ப்ரிங் மாதிரி ஒரு எஃகுக் கம்பிச் சுருளைத் திருகி உட்கார வைத்தான். இனி ஸ்டட் அலுமினியத்தைத் தொடாது, அந்தச் சுருளைத்தான் பிடிக்கும். பசை தொட்டு ஸ்டட்டைப் போட்டு, நட்டை அளவாக இறுக்கினான். ஸ்பானரை எடுத்துவிட்டு அண்ணனைப் பார்த்தான். அவர் கை பரபரத்தது எனக்கே தெரிந்தது.

“தொடாத. சொல்றதக் கேளு. ஏற்கனவே நீ கண்டபடி தொளச்சதுல இங்க சதையே இல்ல. இந்தச் சுருள் போச்சுன்னா அப்புறம் என்கிட்ட கொண்டாராத. ஓடிட்டிருக்கும்போது புடுங்குச்சுன்னு வை, இஞ்சின் ஒரு பக்கமா சாயும். செயின் தளந்து பின்சக்கரக் கம்பிக்குள்ள போவும். சக்கரம் அப்படியே பூட்டிக்கும். மேடு ஏறும்போதுன்னா காலை ஊனிக்கலாம். இறக்கத்துலன்னா…” கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். “இறக்கத்துல நீ எப்பிடிப் போவே?”

“பறந்துதான். எட்டு மணி ஷிஃப்டுக்கு வேற எப்பிடிப் போறது?”

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு பெயிண்ட் இருக்கிறதா என்று தேடினான். நட்டிலும் அதை ஒட்டி இஞ்சின் உடம்பிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டால், நட்டு இளகினால் கோடு விலகும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். பட்டறைகளில் அப்படிச் செய்வார்களாம். பெயிண்ட் காய்ந்துபோயிருந்தது. என் கைப்பையில் பெண் கல்யாணத்துக்கு வாங்கிய நெயில் பாலிஷ் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். நல்ல சிவப்பு.

“கோடு நேரா இருந்தா ஸ்பானரை எடுக்கவே கூடாது. விலகியிருந்தா மட்டும், கோடு சேர்ற வரைக்கும் திருப்பு. அதுக்குமேல ஒரு நூல் கூட வேணாம். சத்தியம் பண்ணு” என்றான். அவர் சத்தியம் செய்தார். கொழுந்தன் என்னிடம் திரும்பினான். “அண்ணி, இந்த ஆள நம்ப முடியாது. தெனம் காலையில கோட்டப் பாக்கறது உங்க டூட்டி. இனிமே நீங்கதான் போலீஸ்.”

அவர் வாக்குக் கொடுத்தால் மாறாதவர். மறுநாளிலிருந்து குனிந்து கோட்டைப் பார்ப்பார். நேராக இருக்கும். ஸ்பானரை எடுக்கப் போன கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, முகம் வாடி, ஏதோ மறந்த மாதிரி நின்றுவிட்டுப் போவார். மத்தியானம் டாணென்று வந்துவிடுவார். இஞ்சின் முன்பைவிட நன்றாக ஓடியது. அதில் ஒரு குறையும் இல்லை. இனி அது எப்போதும் ஓடும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. நானும் அவரும் அந்த மூடிய சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து, நான் ஒவ்வொரு வாயாகச் சாப்பிடுவதை அவர் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டே இருப்பார், நான் சாகும் வரைக்கும்.

ஒரு காலையில் வாசல் கூட்டப் போனபோது நெயில் பாலிஷ் என் கையில் இருந்தது. எதற்காக எடுத்துப்போனேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இஞ்சின் உடம்பில் இருந்த பாதிக் கோட்டை நகத்தால் சுரண்டினேன். அதை இறுக்கும் பக்கமாக ஒரு நூல் தள்ளிப் போட்டேன். நட்டைத் தொடவே இல்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது இளகிவிட்டிருந்தது.

அவர் வந்து குனிந்தார். “பாத்தியா, விலகிருச்சு பாத்தியா? நான் அவன்கிட்ட அப்பவே சொன்னேன்” என்றார். ஸ்பானரை எடுத்தார், கோடு சேரும் வரை திருப்பினார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு நிறைவு. எத்தனையோ நாளாகப் பசியோடு இருந்தவருக்குச் சாப்பாடு போட்ட மாதிரி எனக்கு இருந்தது. ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுக்கிற காரியம் எப்படிக் குற்றமாகும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அடிக்கடி செய்தேன். தினமும் இல்லை, அவருக்குச் சந்தேகம் வரக் கூடாதே. ஒரு நூல், இரண்டு நாள் விட்டு இன்னொரு நூல். என் எண்ணம் இதுதான், இதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். வாசலில், வண்டி நிற்கும்போதே, அவர் கையில் ஸ்பானர் இருக்கும்போதே அந்தச் சுருள் பிய்ந்து வந்துவிட வேண்டும். தம்பி இனி கொண்டுவராதே என்று சொல்லிவிட்டான். இஞ்சினைக் கழற்றி மூலையில் போட வேண்டியதுதான். சைக்கிள் வெறும் சைக்கிளாகிவிடும். மேடு மறுபடி மேடாகிவிடும். யாருக்கும் ஒரு கீறல் விழாது. நான் கேட்டதெல்லாம் ஒரு இஞ்சின் நிற்க வேண்டும் என்பதைத்தான்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இறக்கத்தின் நடுவில், அந்த வளைவில், சக்கரம் பூட்டிக்கொண்டது. அவரைச் சாக்கடைக் கல்லோரத்தில் கண்டெடுத்தவர்கள் சொன்னதை நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகத்தான் பேசினார். நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். கொழுந்தன் கால்மாட்டில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“டேய், உன் அண்ணிய ஒண்ணும் சொல்லாத” என்றார் அவனிடம். “அவ பாவம், தெனமும் காலையில எனக்கு முன்னாடி போயி அந்தக் கோட்டப் புதுசு பண்ணி வச்சிருவா. நான் கவனிக்கலன்னு நெனப்பு அவளுக்கு. அவ வெரல்ல செகப்பு ஒட்டியிருக்கும். எம் மேல எவ்ளோ அக்கறை பாத்தியாடா.” என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கையைத் தேடி எடுத்துப் பிடித்துக்கொண்டார். பிடித்ததை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

கொழுந்தனின் அழுகை நின்றுபோனது. அவன் அந்த வேலையிலேயே ஊறினவன். காய்ந்த கோட்டைத் தினமும் புதுசு பண்ண வேண்டிய அவசியம் என்ன என்று அவனுக்குத் தெரியாதா? என் விரல்களைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். வாரக் கடைசியில் அவர் போய்விட்டார்.

அதன்பின் கொழுந்தன் உங்களிடம் வந்து, கம்பிச் சுருளைத் தான் சரியாக உட்கார வைக்கவில்லை, தன் வேலையில்தான் கோளாறு என்று சொல்லியிருக்கிறான். அது பொய். அவன் வேலையில் ஒரு பிசகும் இல்லை, நான் கூடவே உட்கார்ந்து பார்த்தவள். அவன் உங்களைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான். மத்தியானம். நான் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“அண்ணி, நீங்க யார்கிட்டயும் எதுவும் பேச வேணாம். அண்ணன் கடைசி வரைக்கும் உங்களை எப்படி நெனச்சிச்சோ, ஊரும் அப்படியே நெனைக்கட்டும். பொண்ணு ஒருத்தி வாழப்போன எடத்துல தலை நிமுந்து இருக்கணும். நான் பாத்துக்கறேன்” என்றான்.

“தம்பி, நீ ஜெயிலுக்குப் போவியா எனக்காக?”

“போனா போறேன். அதுவரைக்கும் நீங்க இப்படித் தனியா நின்னு சாப்பிடக் கூடாது. வீட்டுல சமைச்சதை மத்தியானம் நானே கொண்டாந்து தர்றேன். உக்காந்து சாப்பிட்டப்புறந்தான் போவேன்.”

அவன் போனபிறகு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். நல்லவன். அண்ணனைப் போலவே நல்லவன். பட்டறை பூட்டிக் கிடக்கிறது, என் ஓரகத்தி வாசலில் உட்கார்ந்து அழுகிறாள், இவன் எனக்குச் சாப்பாடு கொண்டுவரப் போகிறேன் என்கிறான். நான் புடவை மாற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். இன்னொருத்தர் என்னைப் பார்த்துக்கொள்வதை இனி என்னால் தாங்க முடியாது. அவனை விட்டுவிடுங்கள்.

இப்போது அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த போலீஸ்காரர் சொன்னாரே, கோடு போட்டதெல்லாம் சரி, ஸ்பானரைத் திருப்பியது உங்கள் வீட்டுக்காரர்தானே, நீங்கள் விபத்தையா நினைத்தீர்கள், வண்டி நிற்க வேண்டும் என்றுதானே நினைத்தீர்கள் என்று. அவருக்கும் நல்ல மனசு. நீங்களும் அப்படியே எழுதி முடிக்கப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கடைசிக் காலையைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை.

அன்றும் வழக்கம்போல விடிந்தவுடன் போய் உட்கார்ந்தேன். கோட்டைச் சுரண்டும்போது விரல் நட்டில் பட்டது. நட்டு அசைந்தது. இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினேன், திரும்பியது. இழுத்துப் பார்த்தேன், ஸ்டட்டே சுருளோடு சேர்ந்து கொஞ்சம் வெளியே வந்து, விட்டவுடன் உள்ளே போனது. முந்தின நாள் இறுக்கியதில் தளர்ந்து, ஓட்டத்தில் பிய்ந்திருக்க வேண்டும். வாசலில், வண்டி நிற்கும்போது, யாருக்கும் ஒரு கீறல் இல்லாமல். நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். குரல்கூட வேண்டாம், கோட்டை விலகினபடி விட்டிருந்தாலே போதும். அவர் ஸ்பானரை வைத்தவுடன் தெரிந்திருக்கும்.

உள்ளே அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். “ஏம்மா, இன்னிக்கு அங்க வேலை கம்மி. மத்தியானம் வந்தா திரும்பிப் போறதில்ல. சாயங்காலம் வரைக்கும் உன்கூடத்தான்” என்று உள்ளேயிருந்தே சொன்னார்.

நான் நட்டை விரலால் சரியான இடத்துக்குத் திருப்பினேன். நட்டிலும் இஞ்சின் உடம்பிலும் சேர்த்து, ஒரே நேர்கோடாகச் சிவப்பைப் போட்டேன். வாயால் ஊதிக் காய வைத்தேன். அத்தனை நாளில் நான் நேராகப் போட்ட கோடு அது ஒன்றுதான்.

அவர் வந்து குனிந்து பார்த்தார். “அட, இன்னிக்கு விலகவே இல்ல பாரேன்” என்றார். இறக்கத்தில் அவர் தலை மறையும் வரை வாசலில் நின்று பார்த்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒரு நாளாவது அந்த மனுஷர் ஸ்பானரைக் கையில் எடுக்காமல் நிம்மதியாகக் கிளம்பட்டுமே என்றுதான்.